சீன அரண்மனை வாயில்களுக்கு ஏன் பல வழிகள்? மண்ணுக்கடியில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பண்டைய சீனத் தலைநகரில் வாயில் என்பது வெறும் கதவு அன்று. இடித்து இறுக்கிய மண் மேடை, அதை ஊடறுத்துச் செல்லும் வழிகள், மேலே மரத்தாலான மாடம், மூன்றும் சேர்ந்ததே வாயில். மரம் போய்விட்டது, மேடையும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆனால் மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி இடித்த அடிமண், சுற்றியுள்ள மண்ணிலிருந்து தனித்தே தெரியும். அடுக்கு தொடரும் இடம் சுவர். அறுபடும் இடம் வழி.

தாங் அரசின் தலைநகர் சாங்கானில் (இன்றைய சீஆன்) தாமிங் அரண்மனையின் தெற்குத் தலைவாயில் தான்ஃபெங். அதற்கு மூன்று வழிகள் என்றுதான் முந்தைய ஆய்வு சொன்னது. 2005இல் தொடங்கிய அகழாய்வில் ஐந்து தெரிந்தன!

ஏன் இத்தனை? சுங்கச்சாவடியில் முக்கியப் பிரமுகர்களுக்குத் தனித் தடம் இருக்கிறதல்லவா, அதுபோலத்தான். நடுவழி பேரரசருக்கு. அதே நகரின் மிங்தே வாயிலிலும் ஐந்து வழிகள். வண்டிச் சக்கரத் தடங்கள் ஓரத்து இரண்டில்தான் பதிந்திருந்தன. யார் எந்த வழியில் போகலாம் என்று எழுதிவைத்த சட்டத்தைவிட இந்தத் தேய்மானத்தையே நான் நம்புவேன்.

இன்று சீஆனில் நிற்கும் பிரம்மாண்டமான தான்ஃபெங் வாயிலைத் தாங் காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய அடித்தளத்தை மூடிக் காக்க நம் காலத்தில் கட்டிய அருங்காட்சியகம்.