இரண்டு பழைய ஜான் படகுகள்: எதை வாங்கலாம்?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். கான்ரோ ஏரியில் மீன் பிடிக்கப் பழைய அலுமினிய ஜான் படகு பார்க்கிறேன். ஒன்று 14 அடி நீளம், அடிப்பகுதி 36 அங்குல அகலம், ரிவெட் அடித்தது, 9.9 குதிரைத்திறன் மோட்டாரோடு 1,800 டாலர். மற்றது 16 அடி, 48 அங்குலம், வெல்டிங் செய்தது, 25 குதிரைத்திறன் மோட்டார், புது கார்ப்பெட், 3,900 டாலர். நானும் மனைவியும் 10 வயது மகனும் போவோம்.

பதில்: மூன்று பேர் என்றால் 48 அங்குலப் படகுதான். ஜான் படகுக்கு அடி தட்டை; அது ஆடாமல் நிற்பது அகலத்தால்தான். சின்னதில் பையன் மீனைப் பார்க்க ஓரமாக எட்டினால் படகே சாயும். கான்ரோவோ 20,000 ஏக்கர் அளவிலான ஏரி. காற்றடித்தால் அலை எழும், பெரிய படகுகள் கிளப்பும் அலை வேறு. 36 அங்குலம் குளத்துக்கும் ஓடைக்கும், ஒருவர் இருவருக்குச் சரி.

வெல்டிங்குக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். தளர்ந்த ரிவெட்டைத் திரும்ப இறுக்கிவிடலாம். வெல்டிங் விரிசல் விட்டால் அலுமினியம் ஒட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது மோட்டார் தொங்கும் பின்பலகையை, அதாவது டிரான்ஸமை. அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ப்ளைவுட் இருக்கும். மோட்டாரின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை அசைந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. திருகு ஓட்டைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பலகை மாற்றியிருந்தால் என்ன மரம் என்று கட்டாயம் கேளுங்கள். செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும்.

அப்புறம் அந்தப் புது கார்ப்பெட். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓரத்தைத் தூக்கித் தளத்தை மிதித்துப் பாருங்கள், அடியில் மிதப்புக்காக வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால், டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பை மூடி, உள்ளே இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், டிரெய்லர் தாங்காது. அடியில் சொட்டும் இடங்களில் குறி போடுங்கள்.

எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று படகிலேயே ஒரு தகடு இருக்கும். 1972 நவம்பருக்குப் பின் செய்த, 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு அமெரிக்காவில் அது கட்டாயம். அதில் 25க்குக் குறைவாக இருந்தால் அந்த மோட்டாரோடு வாங்காதீர்கள். மோட்டாரை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்காமல், உங்கள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

டெக்சாஸில் படகுக்கு ஒன்று, அவுட்போர்டு மோட்டாருக்கு ஒன்று எனத் தனித்தனி உரிமைப் பத்திரம் உண்டு. இரண்டையும் வாங்குங்கள். பின்பலகையின் வலது பக்கத்தில் உள்ள 12 எழுத்து எண்ணும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி அணிந்தே ஆக வேண்டும், பையனுக்கு அளவானதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

பெரியதில் பின்பலகை அசைந்தால், பழுதுக்கான செலவைக் கழித்து விலை பேசுங்கள். இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்காகச் சின்னதை எடுத்துவிடாமல், இன்னொரு 48 அங்குலப் படகு வரும்வரை காத்திருங்கள்.