போர்டில் இலவசம், உள்ளே பில்

போன இதழில் சியரா லியோன் நாட்டின் பிரசவ மரணங்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஆப்பிரிக்கா பற்றித்தான். சினிமாக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

*மலேரியாவுக்கு நல்ல மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு என்கிறீர்கள். அப்புறம் ஏன் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேர் சாகிறார்கள்?*
– வாசகர், திண்டுக்கல்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023ல் இறந்தவர்கள் 5,97,000 பேர். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில், அதிலும் முக்கால்வாசி ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரின் என்று ஒரு கூட்டு மருந்து. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு நாலு, மூன்று நாளில் ஆறு வேளை, ஆக 24 மாத்திரை. நம் ஊர் சிப்லா, இப்கா, அஜந்தா கம்பெனிகளும் தயாரித்து அனுப்புகின்றன.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரு குழந்தையை ஒரே நாளில் ஆபத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் காய்ச்சல் கண்டதும் அம்மா முதலில் போவது பக்கத்துக் கடைக்கு. ஆஸ்பத்திரி ரொம்ப தூரம், போனாலும் மருந்து இருக்குமா தெரியாது, அங்கே எவ்வளவு கேட்பார்களோ அதுவும் தெரியாது. கடையில் கையில் இருக்கிற காசுக்கு நாலு மாத்திரை வெட்டித் தருவார்கள். முழு அட்டையே கிடைத்தாலும், இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகுமே என்று. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கும் மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை இருப்பவர்களுக்குத்தான் முழு அட்டையையும் முடிக்க மனசு வரும்.

*எதையும் இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், பேருக்காவது ஒரு தொகை வாங்க வேண்டும் என்கிறார் என் மாமா. உங்கள் கருத்து?*
– வாசகி, ஈரோடு

உங்கள் மாமா சொன்னதைத்தான் 1980களில் பெரிய பெரிய நிபுணர்களும் சொன்னார்கள். 1987ல் மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் கூடி, மருந்துக்குக் காசு வாங்கி அந்தக் காசில் ஆஸ்பத்திரியை நடத்தலாம் என்று ஒரு திட்டமே போட்டார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

பிறகு மேற்கு கென்யாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்குக் கொசுவலையைச் சில மையங்களில் இலவசமாகவும் சில மையங்களில் விலைக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். விலை என்றால் அரை டாலருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த விலைக்கே வலை வாங்குகிறவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் குறைந்துபோனார்கள். சரி, இலவச வலையை வாங்கிக் கொண்டுபோய் மூலையில் போட்டார்களா என்றால், அதுவும் இல்லை. காசு கொடுத்தவர்கள் எந்த அளவுக்கு வலையைக் கட்டினார்களோ அதே அளவுக்கு இவர்களும் கட்டியிருந்தார்கள். 2010ல் வெளியான ஆய்வு இது. மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

*சியரா லியோனில் எல்லாம் இலவசமாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிரச்சினை தீர்ந்ததா?*
– வாசகர், கடலூர்

பாதி தீர்ந்தது. 2010 ஏப்ரல் 27, அவர்களுடைய சுதந்திர தினம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இவர்களிடம் அரசு மருத்துவமனையில் காசு வாங்கக் கூடாது என்று அன்றைக்கு அமலுக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை எகிறியது. அதுவரை அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் கிடந்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. அறிவிப்புக்கு முந்தின மாதம் சுகாதார ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். நியாயம்தானே? சம்பளம் சொற்பம், நோயாளி கையில் திணிக்கிற காசில்தான் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு கூட்டத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் யார் வேலை பார்ப்பார்கள்? அரசு சம்பளத்தை நன்றாகவே ஏற்றியது, கூடவே சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆளே இல்லாதவர்களைக் கழித்துக்கட்டியது. இலவசம் என்று போர்டு எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும், நர்ஸின் சம்பளத்தையும் மருந்து அலமாரியையும் கவனிக்காவிட்டால் அதே காசு மேஜைக்கு அடியில் போகும். அங்கேயும் போனது. அலமாரி காலியானபோது, வெளியே வாங்கி வா என்று சீட்டெழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் 2014ல் எபோலா வந்தது, ஆஸ்பத்திரிக்கு வரவே ஜனங்கள் பயந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில், 2000ல் லட்சம் பிரசவத்துக்கு ஆயிரம் தாய்மாரைத் தாண்டி இருந்த மரணம் 2020ல் 443 ஆனது. தமிழ்நாட்டில் அதே சமயம் 54. இன்னும் போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி இலவசமாகிவிட்டால் போதாது, போய்ச் சேர வேண்டுமே. இதில் தான்சானியா செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். 115 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால், ஆம்புலன்ஸ் இல்லாத ஊரில் பக்கத்திலேயே கார் வைத்திருக்கிற டிரைவரை அனுப்புவார்கள். அவருக்கான கூலி மொபைல் பணமாகப் போய்விடும், கர்ப்பிணி வீட்டார் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வாடகை பேரம் பேசும் நிலைமை அங்கே இல்லை.

*நாங்கள் யுத்தம் நடந்த நாடு, நாங்களே 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டோம். அவர்களால் ஏன் முடியவில்லை?*
– வாசகர், வவுனியா

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் 1963ல் இலங்கை முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்று சொல்லி வேலையைத் தளர்த்தினீர்கள், 1968–69ல் அது ஐந்து லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது, அதையும் நினைவில் வையுங்கள். தவிர, ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் காம்பியே என்ற வகைக் கொசு மனித ரத்தத்தையே தேடி வரும். உங்கள் ஊர்க் கொசு மாட்டைக் கண்டாலே திருப்தியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் உங்களிடம் இலவச ஆஸ்பத்திரியும், வீட்டுக்கே வருகிற குடும்பநல உத்தியோகத்தரும் பல தலைமுறையாக உண்டு. அப்படி வீட்டுக்கு வர ஆளே இல்லாத நாட்டை உங்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

*மலேரியாவையும் பிரசவத்தையும் ஏன் சேர்த்தே எழுதுகிறீர்கள்?*
– நர்ஸிங் மாணவி, மதுரை

ஒரே பெண்ணின் உடம்பில் இரண்டும் சேர்ந்திருப்பதால்தான். மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் போய்த் தங்கும். காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம், ஆனால் ரத்தம் குறைந்துகொண்டே வரும், குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால், நல்ல ரத்தம் உள்ள பெண் தாங்கிக்கொள்கிற அளவை இந்தப் பெண்ணால் தாங்க முடியாது. இறப்புச் சான்றிதழில் ரத்தப்போக்கு என்றுதான் எழுதுவார்கள்.

இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. சல்ஃபடாக்ஸின்–பைரிமெத்தமின், ஒரே நேரத்தில் மூன்று மாத்திரை, நாலாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று முறை. செக்கப்புக்கு வரும்போது நர்ஸின் கண்ணெதிரிலேயே விழுங்க வேண்டும். விழுங்கத் தண்ணீர்? பல கிளினிக்குகளில் குடிதண்ணீரும் இல்லை, டம்ளரும் இல்லை. வீட்டில் போட்டுக்கொள் என்று கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், அது விழுங்கப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது. இதைப் படித்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தேன். எத்தனை மாநாடு, எத்தனை கோடி, ஒரு குடம் தண்ணீர் வைக்க ஆளில்லை.

*அதான் மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே?*
– வாசகர், சேலம்

வந்தது, சந்தோஷம். இரண்டு இருக்கின்றன, அதில் ஆர்21 என்பதைத் தயாரிப்பது புனே சீரம் நிறுவனம். நாலு டோஸ், ஆரம்பிப்பது ஐந்து மாதக் குழந்தைக்கு. கர்ப்பிணிகளுக்கு இது கிடையாது. அவர்களுக்கு இப்போதைக்குக் கொசுவலையும் அந்த மூன்று மாத்திரையும்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததில் அடி வாங்கியவற்றில் இந்த வலையும் மாத்திரையும் அடக்கம்.