சூரஜ்குண்ட் கைவினை மேளாவைப் பார்க்க ஒரு நாள் போதுமா? எப்படித் திட்டமிடலாம்?

தாராளமாகப் போதும், எல்லாக் கடையையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பாமல் இருந்தால். நூற்றுக்கணக்கான கடைகள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால் கால்வலிதான் மிச்சம்.

டெல்லியை ஒட்டிய ஃபரீதாபாத்தில் 1987 முதல் நடந்துவரும் மேளா இது, பெரும்பாலும் பிப்ரவரியில். வெயில் இதமாக இருக்கும், நாள் முழுக்க வெளியிலேயே இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மாநிலத்துக்கு முதலிடம் தருவார்கள். 2025 இல் ஒடிசா, மத்தியப் பிரதேசம் என இரண்டு.

என் யோசனை: காலையில் ஒரு சுற்று வேகமாக வந்துவிடுங்கள். பிறகு, கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் முன்னால் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்தது ஒடிசாவின் பட்டச்சித்திரக் கலைஞர் ஒருவரிடம். பருத்தித் துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுண்ணப்பொடி கலந்த பசை பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் வரையவே தொடங்குகிறார்கள். தொட்டுப் பார்க்கச் சொன்னார். பதனிட்ட தோல்போல இருந்தது. சங்கை அரைத்தெடுத்த வெள்ளை, விளக்குக் கரியில் செய்த கறுப்பு. ஜெகந்நாதரின் அந்தப் பெரிய வட்டக் கண்ணைப் பென்சில் கோடுகூட இல்லாமல் தூரிகையால் நேரடியாகப் போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இவ்வளவையும் பார்த்தபின் 'பாதி விலைக்குத் தர்றீங்களா' என்று கேட்க மனம் வராது. கேட்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பல நாள் உழைப்பு அது.

இயந்திரத்தில் அச்சடித்த துணிகளும் கலந்து வரும் என்பதால் அச்சுக்கட்டைத் துணி (செதுக்கிய மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்துக் கையால் குத்திய துணி) வாங்குவோர் திருப்பிப் பாருங்கள். கையால் குத்தியதில் சாயம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் கோடு மயிரிழை விலகியிருக்கும். அந்த விலகல்தான் கைவேலைக்கு அடையாளம்.

மதியம் ராஜஸ்தானி தால் பாட்டி (பருப்போடு சாப்பிடும் சுட்ட கோதுமை உருண்டை) கிடைத்தால் விடாதீர்கள். மேளாவுக்குப் பெயர் தந்த சூரஜ்குண்ட், பத்தாம் நூற்றாண்டில் தோமர் வம்ச அரசர் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் அரைவட்டப் படிக்குளம், பக்கத்திலேயே இருக்கிறது.

பதர்ப்பூர் மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். வார நாளில் போங்கள், கலைஞர்களுக்குப் பேச நேரமிருக்கும். பட்டச்சித்திரம் வாங்கினால் மடிக்காமல் சுருட்டித் தரச் சொல்லுங்கள். மடித்தால் பூச்சு வெடித்துவிடும்.