தீபாவளி, பிறந்தநாள், கோடைப் பயணம்: கார்டில் தேய்க்காமல் கொண்டாட என்ன கணக்கு?

கேள்வி: ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கைக்கு வரும் சம்பளம் ரூ.48,000, எனக்கு ரூ.22,000. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. வாடகை, மளிகை, பள்ளி, வேன், வண்டித் தவணை, மாமனார் மாமியாருக்கு அனுப்புவது, இன்சூரன்ஸ், பெட்ரோல், கரண்ட் பில் எல்லாம் போக மாதம் ரூ.15,500 மிஞ்சுகிறது. அதில் ரூ.5,000 பிள்ளைகள் படிப்புக்காக வங்கி ஆர்.டி.யில் போகிறது, இதுவரை ரூ.58,000 சேர்ந்திருக்கிறது. போன வருடம் மே மாதம் ஊட்டிக்கு ரூ.36,000, ஜூனில் மகளின் பிறந்தநாளை மண்டபத்தில் வைத்ததற்கு ரூ.28,000, தீபாவளிக்கு ரூ.31,000 ஆனது. பெரும்பகுதி கிரெடிட் கார்டில்தான். இப்போது ரூ.62,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் தொகை கட்டி வருகிறோம். "இந்த வருடம் எதுவும் கிடையாது" என்கிறார் கணவர். சின்ன வயதில் கூட்டிப்போகாமல் பிறகு எப்போது என்று எனக்குத் தோன்றுகிறது. கொடைக்கானல் போக ஓர் ஆப்பில் ரூ.40,000 பயணக் கடன் தருகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மாதம் ரூ.1,000 தீபாவளிச் சீட்டில் சேரச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: பயணக் கடன் வேண்டவே வேண்டாம். கொண்டாட்டத்தை நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் அந்தக் கார்டு பாக்கியை முடித்தாக வேண்டும்.

மினிமம் தொகை 5% என்று வைத்தால் ரூ.62,000-க்கு ரூ.3,100 கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5% என்றால் ரூ.2,170. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. ரூ.390. ஆக ரூ.3,100-ல் ரூ.2,560 வங்கிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது ரூ.540. உங்கள் கார்டின் விகிதம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். இன்னொன்றும் நடக்கிறது. பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. இன்று அந்தக் கார்டில் பால் பாக்கெட் வாங்கினாலும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

இதே நிலை ஓர் ஆண்டு நீடித்தால் வட்டியும் வரியுமாக ரூ.30,000 போகும். அதே ஓராண்டில் உங்கள் ஆர்.டி. 7% தந்தாலும் வருவது நான்காயிரத்தைச் சுற்றித்தான். அதனால் ஆர்.டி.யை உடையுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு வைத்த பணத்தில் கை வைப்பதா என்று மனது இடிக்கும். ஆனால் அந்தப் பணத்தைக் கார்டு இப்போதே மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கிகள் பொதுவாக வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைப்பார்கள். உங்கள் தொகைக்கு அது சில நூறு ரூபாய்.

ரூ.58,000-ஐ ஆர்.டி.யிலிருந்தும், மீதியை அந்த மாத மிச்சத்திலிருந்தும் கட்டுங்கள். கட்டும் முன் வங்கியைக் கூப்பிட்டு, "இன்றைய தேதியில் முழுதாக முடிக்க எவ்வளவு?" என்று கேளுங்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை மட்டும் கட்டினால், ஸ்டேட்மென்ட் நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரையான வட்டி அடுத்த மாதம் தலைகாட்டும். பலர் "அதான் முடித்தாயிற்றே" என்று அதைக் கவனிக்காமல் விட்டு, தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பூஜ்யம் வரும்வரை கார்டை அலமாரியில் பூட்டுங்கள்.

அதற்குப் பிறகு மாதம் ரூ.15,500 உண்மையிலேயே உங்கள் கையில் நிற்கும். பிள்ளைகள் ஆர்.டி. ரூ.5,000 மறுபடி தொடங்கட்டும். அவசர நிதிக்கு ரூ.4,000. பண்டிகைக்கும் ஊர்சுற்றலுக்கும் ரூ.5,000. மீதி ரூ.1,500 எதிர்பாராததற்கு. கணவருக்கு வரும் போனஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொகையும் தேதியும் நம் கையில் இல்லாத பணத்தை நம்பித்தான் அக்டோபரில் கார்டு வெளியே வருகிறது. வந்தால் அவசர நிதிக்குப் போகட்டும்.

தீபாவளியும் பிறந்தநாளும் திடீர்ச் செலவுகள் அல்ல, தேதி முன்பே தெரிந்தவை. ஆண்டுக்கு ரூ.60,000 என்று ஓர் எல்லை போடுங்கள். அது உங்கள் இருவர் சம்பளத்தில் ஒரு மாதத்துக்கும் குறைவு. நான் பிரிப்பதானால் தீபாவளிக்கு ரூ.20,000, கோடைப் பயணத்துக்கு ரூ.16,000, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர ரூ.8,000, இரண்டு பிறந்தநாளுக்கும் சேர்த்து ரூ.8,000, மாதாந்தரச் சிறு பயணங்களுக்கு ரூ.8,000, அதாவது ஒரு தடவைக்கு ரூ.800 வீதம் 10 தடவை.

இந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். யு.பி.ஐ.யில் இணைக்காதீர்கள், டெபிட் கார்டும் வாங்காதீர்கள். சம்பளம் வந்த மறுநாள் தானாக ரூ.5,000 அங்கே போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். வட்டி அதிகம் வராது. பரவாயில்லை, ஆறு மாதத்தில் செலவாகப் போகும் பணம் இது. தீபாவளிப் பங்கை மட்டும் ஆர்.டி.யில் போட நினைத்தால் தேதியைப் பாருங்கள். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. அது முடிந்த கையோடு 12 மாத ஆர்.டி. தொடங்கினால் 2027 நவம்பரில்தான் பணம் வரும். 2027 தீபாவளியோ அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடுகிறது. செப்டம்பரில் முதிரும்படி தொடங்குவதே சரி.

இப்போது சிக்கலான இடம். ஆண்டுக்கு ரூ.60,000 என்று எழுதிவிட்டால் மே மாதத்தில் அது கையில் இருக்காது. பிப்ரவரி சம்பளத்தில் தொடங்கினால் ஏப்ரல் கடைசியில் ரூ.15,000 சேரும், மூன்று சிறு பயணங்கள் போக ரூ.12,600. அதில் ரூ.12,000-க்கு மேயில் ஊர்சுற்றினால், ஜூன், ஆகஸ்ட் பிறந்தநாட்களும் இன்னும் ஐந்து சிறு பயணங்களும் கழிந்து, அக்டோபர் நடுவில் ஜவுளி எடுக்கப் போகும்போது ரூ.13,600தான் இருக்கும். அங்கேதான் கார்டு திரும்ப வரும். பயணத்தை ரூ.8,000-ல் முடித்தால் அதே நாளில் ரூ.17,600 இருக்கும், அக்டோபர் சம்பளமும் சேர்ந்தால் ரூ.22,600. அதனால் முதல் ஆண்டு மட்டும் பயணம் பாதி. அடுத்த ஆண்டிலிருந்து முழுசாக.

ரூ.8,000-க்குக் கொடைக்கானல் வராது; ஏற்காடு வரும். சேலம் போய் அங்கிருந்து மலையேறும் அரசுப் பேருந்து, ஓரிரவு தங்கல். பேருந்துக்கு ரூ.900, அறை ரூ.2,500-க்குள், அதற்கு ஜி.எஸ்.டி. 5% ரூ.125 (ஒரு நாளுக்கு ரூ.7,500 வரையான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விகிதம்தான்), மேலே சுற்ற வண்டிக்கு ரூ.1,500, சாப்பாடு ரூ.1,800, படகு, நுழைவுச்சீட்டு ரூ.700. கைமிச்சம் ரூ.475. சனி ஞாயிறையும் கோடை விழா நாட்களையும் தவிர்த்து, திங்கள் செவ்வாயில் போனால்தான் இந்த அறை வாடகை நடக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும்.

மலை ஊர்களில் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் அறை நேரத்தில்தான். அதிகாலை 6 மணிக்குப் போய் இறங்கினால் அறை மதியம்தான் கிடைக்கும். பிள்ளைகள் அழ, அரை நாள் வாடகை கூடுதலாகப் போகும். மதியம் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். "குழந்தைக்கு இலவசம்" என்று போட்டிருந்தால் எத்தனை வயது வரை, காலைச் சாப்பாடும் சேர்த்தா என்று போனில் கேளுங்கள். பல இடங்களில் 5 வயதோடு முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு 6.

வயதுக் கணக்கு வேறு இடங்களிலும் வரும். ரயிலில் 5 வயது நிரம்பாத மகனுக்குப் படுக்கை கேட்காதவரை கட்டணமில்லை. மகளுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். ஸ்லீப்பரில் படுக்கை வேண்டாமென்றால் பாதி. இரவுப் பயணமானால் முழுக் கட்டணமே கட்டிவிடுங்கள், பாதியில் மிச்சம் பிடித்து விடிய விடிய உட்கார்ந்து வருவது வீண். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, அதனால் மே பயணத்துக்கு மார்ச்சிலேயே தேதி முடிவாக வேண்டும். தீம் பார்க்குகள் பலவற்றில் வயதல்ல, உயரம்தான் கணக்கு. உயரம் போதாத மகனுக்கு டிக்கெட் எடுத்து, பாதி ராட்டினங்களில் ஏற்றாமல் வெளியே நிறுத்தினால் அன்று முழுக்க அழுகைதான். இரண்டு வருடம் பொறுங்கள்.

அடுத்த ஆண்டு கொடைக்கானலோ ஊட்டியோ போவதானால், சொந்த வண்டி அல்லது டாக்ஸிக்கு இ-பாஸ் கட்டாயம். நாளொன்றுக்கு வண்டிகளுக்கு உச்சவரம்பு இருப்பதால் கடைசி நாளில் தேடாதீர்கள். அரசு தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தொல்லையே இல்லை.

மாதம் ரூ.800 சிறு பயணத்துக்கு உங்கள் ஊரைச் சுற்றியே இடங்கள் கிடக்கின்றன. கொடிவேரி அணை, பவானிசாகர் அணைப் பூங்கா, பவானி கூடுதுறை, குளிர்காலத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். கொடிவேரிக்கு ஆடிப்பெருக்கன்றும் பொங்கல் விடுமுறையிலும் போகாதீர்கள். கூட்டத்தில் மகனைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கவும் விடமாட்டார்கள். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனால் வெளியில் செலவாவது வறுத்த மீனுக்கு மட்டும்தான். மூன்று வயதுப் பையனுக்கு ஊட்டி ஏரியைவிட ஓடுகிற தண்ணீரில் காலை நனைப்பதுதான் பெரிது என்பது என் கருத்து. மகளுக்கு ஒரு பயணத்துக்கு ரூ.100 அவள் கையிலேயே கொடுங்கள். பொம்மையா, பஞ்சுமிட்டாயா என்று அவளே முடிவு செய்யட்டும். தீர்ந்தபின் மேலே கொடுக்காதீர்கள். கடைக்குக் கடை நடக்கும் பேரம் நின்றுபோகும்.

தீபாவளியில் போன வருடம் ரூ.31,000 எங்கே போயிற்று என்று நீங்கள் பிரித்து எழுதவில்லை, ஆனால் பட்டாசில் கட்டாயம் குறைக்கலாம். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இரண்டு மணி நேரத்தில், இந்த வயதில், கம்பி மத்தாப்பும் தரைச்சக்கரமும் புஸ்வாணமும் ரூ.1,500-க்கு மேல் தீராது. "சிவகாசி நேரடி விலை, 80% தள்ளுபடி" என்று இணையத்தில் வருவதற்குப் பணம் அனுப்பாதீர்கள். ஆன்லைன் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை செய்துவிட்டது, பணம் போனால் போனதுதான். துணிக்கு ரூ.11,000, பெரியவர்களுக்கும் சேர்த்து. பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரிதாக எடுத்தால் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அதுவே ஓடும். உங்கள் ஊரில் திங்கள் இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தையை வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் பெரிய கடையில் வரிசையில் நிற்பது எதற்கு? பலகாரத்துக்கு ரூ.4,500, வேலை செய்பவர்களுக்கும் உறவுக்கும் கொடுக்க ரூ.3,000.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ரூ.1,000, 12 மாதம், கடைசியில் எண்ணெய், பருப்பு, இனிப்பு, பட்டாசு, ஒரு பாத்திரம். அக்கா நல்லவராகவே இருக்கலாம். பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. பெரும்பாலும் இவை 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவானவை அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள ரூ.5 லட்சம் காப்பீடும் இதற்கு இல்லை. நடத்துபவர் ஓடிவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தரும் பொருட்களின் பட்டியலை எடை, பிராண்டோடு எழுதி வாங்கி, மளிகைக் கடை விலையைப் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ரூ.12,000-க்குக் குறைவாக வந்தால் பேச்சே இல்லை. மிக அதிகமாக வந்தால் இன்னும் கவனம் தேவை, அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல ஆளிருக்காது. உங்களுக்குத் தனிக் கணக்கு இருக்கும்போது இது தேவையில்லை. அக்காவிடம் முகம் முறிக்க வேண்டாம். "வங்கியில் கட்டுகிறோம்" என்றால் போதும்.

பிறந்தநாளுக்கு மண்டபம் வைத்ததில் ரூ.28,000 மட்டும் போகவில்லை. வந்தவர்கள் வைத்த மொய்யை எழுதி வைத்திருப்பீர்கள். அதெல்லாம் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது. காதுகுத்துக்கும் சடங்குக்கும் அது சரி, வருடாவருடம் வரும் பிறந்தநாளுக்கு இந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். வீட்டிலேயே, பிள்ளைகள் மட்டும் 12 பேர், மாலை 4 முதல் 6. ஒரு கிலோ கேக் ரூ.900, சிற்றுண்டி ரூ.1,200, ஆளுக்கு ரூ.60-ல் ஒரு கலர் பென்சில் பெட்டி ரூ.720, அலங்காரம் ரூ.400. மிச்சத்தில் மகளுக்கு உடை. மாலை நேரம் என்று குறித்துவிட்டால் இரவுச் சாப்பாடு தேவையில்லை. அந்த ஒரு வரிதான் அழைப்பில் முக்கியம்.

கடைசியாக, கணவரின் சம்பளச் சீட்டில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) என்று ஒரு தொகை இருந்து, அதற்காக டாக்ஸி பில் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில் மட்டும், அதுவும் பயணச்சீட்டுக்கு மட்டும். ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. புதிய முறையில் ஆண்டுக்கு ரூ.12.75 லட்சம் வரையான சம்பளத்துக்கு வரியே கிடையாது. உங்கள் வீட்டில் இருவரில் யாருக்கும் அந்தப் பில் ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தாது.