வைஃபையில் பேசிக்கொண்டே வெளியே வந்தால் வாட்ஸ்ஆப் கால் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: வீட்டில் நெட் நன்றாக இருக்கிறது, போனில் 4ஜி சிக்னலும் முழுசாக இருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் 'ரீகனெக்டிங்' என்று வந்து குரல் நின்றுவிடுகிறது. இன்னும் வேகமான பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வேலை கடலூரில். தினமும் பஸ்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி, முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிந்து, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி மஞ்சக்குப்பம் வருவதற்குள் போன் எத்தனையோ டவர் மாறிவிடும். மொபைல் டேட்டாவில் வாட்ஸ்ஆப் கால் போட்டுப் பேசிக்கொண்டே வருவேன். நடுவில் ஓரிரு இடத்தில் குரல் கரகரக்கும், அவ்வளவுதான். அதே கால் எங்கள் வீட்டு ஹாலிலிருந்து வாசலுக்கு வரும் 10 அடிக்குள் செத்துப்போகும். 20 கிலோமீட்டருக்கு மேல் தாங்குகிறது, 10 அடி தாங்கவில்லை. ரொம்ப நாள் எனக்கு இது புரியவே இல்லை.

விஷயம் விலாசத்தில் இருக்கிறது. இணையத்தில் உங்கள் போனுக்கு ஓர் ஐபி முகவரி உண்டு. எதிரில் பேசுபவரின் குரல் அந்த முகவரிக்குத்தான் வந்து சேரும். மொபைல் டேட்டாவில் அதைக் கொடுப்பது டவர் இல்லை, கம்பெனியின் மையத்தில் இருக்கும் கேட்வே, அதாவது அவர்கள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல். பஸ் ஓட ஓட டவர் மாறும், முகவரி மாறாது. 'இனி அந்த டவர் வழியாக அனுப்பு' என்று உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடுவார்கள். வீட்டு வைஃபையில் இருக்கும்போதோ நீங்கள் வேறொரு லைனில், வேறொரு முகவரியில் குடியிருக்கிறீர்கள். வைஃபையை விட்டு டேட்டாவுக்குத் தாவிய நொடியில் விலாசமே மாறிவிடுகிறது. எதிர்ப்பக்கத்துப் போனுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு, காலி செய்த வீட்டுக்கே தபால் போட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து யோசிக்காமல் இல்லை. 1996-லேயே மொபைல் ஐபி என்று ஒரு தரநிலை வந்தது. வீடு மாறினவர் பழைய விலாசத்தில் ஓர் ஆளிடம் சொல்லிவைப்பார், அந்த ஆள் வருகிற தபாலையெல்லாம் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவார், அதுதான் யோசனை. கேட்க அழகாக இருக்கிறது. நம் கைபேசிகளில் எடுபடவில்லை. ஆகவே அந்த வேலை செயலிகளின் தலையில் விழுந்தது. முகவரி மாறியதை அவைதான் கவனிக்க வேண்டும், சர்வர் வழியாக எதிர்ப்போனுக்குச் சொல்ல வேண்டும், எந்த வழியில் குரல் போய்வருகிறது என்று மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். 'ரீகனெக்டிங்' என்று திரை காட்டும்போது பின்னால் நடக்கும் ஓட்டம் இதுதான்.

வேகமான பிளான் ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கால்களில் குரலைப் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புவார்கள், விநாடிக்கு 50 துண்டு. மொத்தமாக விநாடிக்கு 100 கிலோபிட் இருந்தால் பேச்சுக்குத் தாராளம். உங்கள் பிளான் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆனால் 3 விநாடி வழி அடைபட்டால் 150 துண்டு போச்சு. யூடியூப் என்றால் முன்கூட்டியே இறக்கி வைத்ததைக் கொண்டு சமாளித்துவிடும். பேச்சில் முன்கூட்டியே எதை இறக்குவது? எதிரில் இருப்பவர் இன்னும் பேசவே இல்லையே.

சரி, விலாசம் மாறுவது ஒரு நொடியில் முடிந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொரு தொல்லை, போனின் பிடிவாதம். எந்த டவருக்கு எப்போது மாறுவது என்பதை மொபைல் நெட்வொர்க்கே பார்த்துக்கொள்கிறது. பேச்சு ஓடும்போது போன் சுற்றுவட்டார டவர்களை அளந்து சொல்லும், தீர்ப்பு நெட்வொர்க்குடையது. வைஃபையில் அப்படி யாரும் பெரியவர் இல்லை, எப்போது விடுவது என்று போனே முடிவு செய்கிறது. அதுவோ தேய்ந்துபோன ஒற்றைக் கோடு சிக்னலைக்கூட விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்டருகே 'ஹலோ, ஹலோ' என்று கத்துகிற அந்த நேரம் முழுக்கப் போன் இன்னும் மாறவே தொடங்கியிருக்காது.

அதனால் நான் செய்வது ரொம்பச் சாதாரணமான காரியம். வெளியே கிளம்புகிறேன் என்றால், சிக்னல் நன்றாக இருக்கும் ஹாலிலேயே நின்று வைஃபையை அணைத்துவிடுவேன். ஒரு சின்ன விக்கலோடு கால் டேட்டாவுக்கு மாறிவிடும். வாசலில் 15 விநாடி தவிப்பதற்கு இது எவ்வளவோ மேல். வீடியோ கால் என்றால் முதலில் கேமராவை நிறுத்துங்கள், அப்புறம் மாறுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் டெவலப்பர் அமைப்புகளில் வைஃபை இருக்கும்போதும் மொபைல் டேட்டாவை விழித்திருக்க வைக்கும் ஒரு பொத்தான் உண்டு. அது போட்டிருந்தால் தாவல் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், பேட்டரி கொஞ்சம் கூடப் போகும்.

இதைவிட எரிச்சலானது வீட்டுக்குள்ளேயே கால் அறுவது. எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பஞ்சாயத்து. அக்கா கல்யாணமாகிப் பாரிஸில் இருக்கிறாள் (புதுச்சேரியில் இது ஒரு செய்தியே இல்லை, பிரான்சில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய). குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அவள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டால் இங்கே மாலை ஆறு, அம்மா மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். "படியேறினா அவ ஊமையாயிடறாடா" என்று தினமும் புகார்.

பழைய வீடு, தடித்த சுவர். கீழே இருக்கும் ரவுட்டர் மாடிக்கு எட்டவில்லை என்று நெட் போட்டுத் தந்தவர் மேலே இன்னொரு ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார். தனித்தனிப் பெயர். படி நடுவில் போன் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கும்போது கால் போய்விடும். நான் புத்திசாலித்தனமாக இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். நிலைமை இன்னும் மோசமானது. இப்போது மாடிக்குப் போனால் கால் திரும்பி வரவே இல்லை, வைஃபையை அணைத்துப் போட்டால்தான் உயிர் வந்தது.

இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகுதான் பிடிபட்டது. கீழ் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது, மேல் ரவுட்டர் 192.168.0 என்று தொடங்குபவற்றை. இரண்டும் தனித்தனி ராஜ்ஜியம். பெயர் ஒன்றாக இருந்ததால் போன் அதே வீடுதான் என்று நம்பி, கீழ் ராஜ்ஜியத்து விலாசத்தை மேலேயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யார் பதில் சொல்வார்கள்?

சரிசெய்தது இப்படி. மேல் ரவுட்டரின் சொந்த முகவரியைக் கீழே உள்ளதோடு மோதாதபடி 192.168.1.2 என்று மாற்றினேன். அந்த எண் வேறு எந்தக் கருவிக்கும் போய்விடாதபடி கீழ் ரவுட்டரின் பங்கீட்டுப் பட்டியலிலிருந்து அதை விலக்கினேன். பிறகு மேல் ரவுட்டரில் முகவரி பங்கிடும் வேலையை, அதாவது டிஎச்சிபி-யை, நிறுத்தினேன். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN, வெளி லைனுக்கான) துளையிலிருந்து பிடுங்கி லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகினேன். இரண்டின் வைஃபை அலையும் ஒன்றோடொன்று மோதாதிருக்கக் கீழே சேனல் 1, மேலே 6 என்று வைத்தேன். சில ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்று ஒரே பொத்தானில் இத்தனையும் நடக்கும். மெஷ் என்று விற்கும், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் வகை, தாமாகவே செய்துகொள்ளும். இப்போது அம்மா படியேறும்போது போன் பெட்டி மாறுகிறது, விலாசம் மாறுவதில்லை. படித் திருப்பத்தில் ஒரு எழுத்து விழுங்கப்படும். அக்கா பேசும் வேகத்துக்கு அது நஷ்டமே இல்லை.

அப்பாவுடைய சிக்கல் வேறு. மாலை ஆறுக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள், அவர் நடந்துகொண்டே பேசுவார். எப்போதோ ஒரு காபிக் கடையில் வைஃபை போட்டிருந்திருக்கிறார். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் போன் டேட்டாவை விட்டுவிட்டு அந்தக் கடையின் செத்த சிக்னலைப் பிடிக்கப் போய்விடும். சேமித்த வைஃபைப் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கியதோடு தீர்ந்தது. உங்கள் போனிலும் பழைய லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாம் கிடக்கும், ஒருமுறை பாருங்கள்.

உள்ளூர் எண்களுக்குத்தான் பேச்சு என்றால் வாட்ஸ்ஆப்பே வேண்டாம். இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வைஃபை காலிங், அதாவது சாதாரண போன் காலையே வைஃபை வழியாகப் பேசும் வசதி, இந்தச் சிக்கலை மேலிடத்திலேயே தீர்த்துவிடுகிறது. போன் உங்கள் வைஃபை வழியாகவே கம்பெனியின் கேட்வே வரை ஒரு பாதுகாப்பான குழாய் போட்டுக்கொள்கிறது. முகவரியைக் கொடுப்பது கம்பெனி. வெளியே வந்து 4ஜி-க்கு மாறினாலும் அதே முகவரி கூடவே வரும், எதிர்ப்பக்கம் ஒன்றும் உணராது. அமைப்புகளில் வோல்ட்டி (VoLTE, சாதாரண காலை 4ஜி வழியாகப் பேசும் வசதி), வைஃபை காலிங் இரண்டும் போட்டிருக்க வேண்டும். பாரிஸுக்கு இப்படிப் பேசினால் ஐஎஸ்டி கட்டணம் விழும் என்பதால் எங்கள் அம்மாவுக்கு இது ஆகவில்லை.

ரவுட்டரில் கைவைப்பதற்கு முன் அதன் பின்புற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகவரியை மாற்றிய பிறகு பழைய எண்ணில் அதன் அமைப்புப் பக்கம் திறக்காது, புது எண்ணைத்தான் போட வேண்டும். நான் பயந்துபோய் ரீசெட் குழியில் ஊசியை விட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.