தெக்கோங்கில் தொடங்கிய இரண்டு ஆண்டு: தேசிய சேவை பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான ராணுவப் பணிதான் தேசிய சேவை. 2010 செப்டம்பர் கடைசியில் அதற்குப் போய், 2012-இல் முடித்தேன். காலாட்படையில் சாதாரண சிப்பாய், அதிகாரி எல்லாம் இல்லை. அந்த நாட்களில் என்ன சாப்பிட்டோம், என்ன படம் பார்த்தோம், எந்த போனை வைத்துக்கொண்டு அல்லாடினோம் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, எனக்கு 17 வயது. போலிடெக்னிக் முடிந்ததும் போகணும். முதல் நாள் எப்படி இருக்கும்? (ஈசூன்)

தம்பி, முதல் நாள் ஒரு கல்யாண வீடு மாதிரிதான் ஆரம்பிக்கும். சாங்கியிலிருந்து, அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்கு, ஃபெர்ரியில் அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் கூட வருவார்கள். நீ படுக்கப்போகும் கட்டிலைக் காட்டுவார்கள், குக்ஹவுஸில் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள். "பரவாயில்லையே, நல்லாத்தான் கவனிக்கிறாங்க" என்று பாட்டி சொல்வார். அப்புறம் உறுதிமொழி, கையசைப்பு, ஃபெர்ரி கிளம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் முடி தரையில் கிடக்கும். எங்கள் காலத்தில் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு ராணுவ அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள். அதைக் கன்ஃபைன்மென்ட் என்போம். அந்த நாட்களில் நேரத்தை எண்ணாதே. அடுத்த சாப்பாடு எப்போது என்று மட்டும் பார், ஓடிவிடும்.

போன் வைத்துக்கொள்ளலாமா? என் மகன் போன் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கமாட்டான். (உட்லண்ட்ஸிலிருந்து ஒரு அம்மா)

இருப்பான் அம்மா, பயப்படாதீர்கள். அடிப்படைப் பயிற்சியில் பெரும்பாலும் இரவில்தான் போன் கைக்கு வரும், அதுவும் ஒரு மணி நேரம் போல. அந்த நேரத்தில் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவான். உங்களுக்குப் பிறகுதான் அந்தப் பெண்ணை. (எந்தப் பெண் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

எங்கள் காலத்துப் பெரிய தலைவலி கேமராதான். கேமரா உள்ள போன் கேம்ப் வாசலைத் தாண்டக் கூடாது. சந்தையில் கேமரா இல்லாத நல்ல போனும் கிடையாது. அதனால் புதுப் போனைத் திறந்து கேமராவைப் பிடுங்கி விற்பதே தனித் தொழிலாக நடந்தது. நானும் ஒரு கடையில் கொடுத்தேன். கேமரா போனது, கூடவே ஸ்பீக்கரும் போனது. "வாரண்டி இல்லை தம்பி" என்றார் கடைக்காரர், கேமராவை எடுத்த அதே கையால் தேநீர் குடித்துக்கொண்டு. அப்போது மாதப் படி நானூற்றுச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் பாதி அந்தப் போனில் போனது.

2009-இல் வந்த ஐபாட் டச்சில் கேமரா கிடையாது, 2010-இல் வந்ததில் உண்டு. உலகமே புதுசைத் தேடியபோது எங்கள் பங்க்கில் (படுக்கும் அறையில்) பழசுக்குத்தான் கிராக்கி. இப்போது விதி தளர்ந்துவிட்டது. கேம்ப்பைப் பச்சை, சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் போன் கொண்டுபோகலாம், சிவப்பில் கூடாது.

என்னென்ன சாமான் வாங்கிவைக்கணும்? பட்டியல் கொடுங்கள் அண்ணே. (புக்கிட் பாத்தோக்)

பட்டியல் வேண்டாம், காசு வீணாகும். வெளிச்சம் வரும் ஒரு முரட்டுக் கைக்கடிகாரம், ஒரு பவர்பேங்க், ஒரு கட்டு ஜிப்லாக் பை. இதில் ஜிப்லாக்தான் ராஜா. காட்டுப் பயிற்சியில் மழை பெய்தால் காலுறை, போன், பிஸ்கட் எல்லாவற்றையும் காப்பாற்றுவது அதுதான். மற்றதை ராணுவமே கொடுக்கும். பெயர்ப்பட்டை, கறுப்பு டேப் மாதிரிச் சில்லறைகளுக்கு பீச் ரோடு உணவங்காடிக்கு மாடியில் இருக்கும் கடைகளுக்குப் போ. அங்கே உள்ளவர்களுக்கு உன் சார்ஜண்டை விட விவரம் தெரியும்.

தமிழ் ஆட்சிமொழிதானே, பட்டாளத்தில் தமிழில் பேசுவார்களா? (மதுரையிலிருந்து ஒரு மாமா)

பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான் மாமா. 'செடியா' என்றால் நேராக நில். 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நில். சீனப் பையன், தமிழ்ப் பையன், மலாய்ப் பையன் எல்லாரும் மலாய்க் கட்டளைக்கு ஒரே நேரத்தில் காலை உதைப்போம். திட்டு வாங்குவது மட்டும் பல மொழிகளில். 'சாய்காங்' என்றால் யாரும் செய்ய விரும்பாத எடுபிடி வேலை. 'கெங்' அடிப்பது என்றால் உடம்பு சரியில்லை என்று நடிப்பது. 'வாயாங்' என்பது மேலதிகாரி வரும்போது மட்டும் சுறுசுறுப்பாக இருப்பது; நம் ஊர் அலுவலகங்களிலும் பார்த்திருப்பீர்கள். நானும் இன்னொரு தமிழ்ப் பையனும் இரவுக் காவலில் தமிழில் பேசிக்கொள்வோம். பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான்.

சைவமாக இருந்தால் கஷ்டமா? (செங்காங்)

கஷ்டமில்லை. முன்கூட்டியே பதிந்துவிட்டால் சைவச் சாப்பாடு தனியாக வரும். ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விடுவார்களா? (தேக்கா)

விடுப்பு கேட்டுத்தான் வாங்கணும். தீபாவளி பொது விடுமுறை, தைப்பூசம் 1968-இலேயே அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். பயிற்சி நாளோடு மோதவில்லை என்றால் பெரும்பாலும் கிடைக்கும். என் கூட்டாளி ஒருவன் அப்படித்தான் பால்குடம் எடுத்தான். மொட்டைச் செலவு மிச்சம் என்று அவன் அம்மாவுக்குச் சந்தோஷம்.

வார இறுதியில் படம் பார்க்க நேரம் கிடைக்குமா? முதல் நாள் முதல் காட்சி விட்டால் எனக்குத் தூக்கம் வராது அண்ணா. (தெம்பனிஸ்)

தூக்கம் வராதா? தம்பி, ஒரு தடவை புக் அவுட் ஆகி, அதாவது வார இறுதிக்குக் கேம்ப்பிலிருந்து வெளியே விட்டு, வந்து பார், அப்புறம் பேசு.

நான் சேர்ந்த சமயத்தில்தான் ரஜினியின் 'எந்திரன்' வந்தது. 2010 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. அன்று ஊரே தியேட்டரில், நான் தெக்கோங்கில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். படத்தின் கதையை வீட்டிலிருந்து யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அந்த வாரம் இரவு அழைப்பில் அம்மாவிடம் மட்டும் பேசினேன். தம்பியிடம் போனைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் புக் அவுட்டில் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. சீருடையோடு, முதுகில் அழுக்குத் துணி மூட்டையோடு நேராக மெக்கன்சி ரோடு ரெக்ஸ் தியேட்டர். டிக்கெட் கிழித்தவர் என் மூட்டையைப் பார்த்துவிட்டு ஓரத்து இருக்கை கொடுத்தார். குளிரூட்டி, இருட்டு, மெத்தை இருக்கை. முதல் பாட்டு வரை நினைவிருக்கிறது. இடைவேளையில் பக்கத்தில் இருந்த அக்கா எழுப்பி, "தம்பி, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். அடுத்த வாரம் மறுபடி போனேன், மறுபடி தூங்கினேன். மூன்றாவது தடவைதான் கிளைமாக்ஸைப் பார்த்தேன்.

புக் அவுட் என்பது கையில் கொடுத்த ஐஸ் கட்டி. அம்மா சமையல், நண்பர்கள், படம், தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதைப் பிய்த்துக் கொடுக்கணும். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கே வயிற்றில் ஏதோ செய்யும். பாசிர் ரிஸ் எம்.ஆர்.டி.யில் ஒரே மாதிரி மொட்டைத் தலைகள், எல்லார் கையிலும் ஒரு பை, யாரும் யாரிடமும் பேசமாட்டோம்.

படங்களில் காட்டுவது போலத்தானா? (சுவா சூ காங்)

இயக்குநர் ஜாக் நியோவின் 'ஆ பாய்ஸ் டு மென்' நான் முடித்த 2012-இல்தான் வந்தது. அழுகை கொஞ்சம் அதிகம், ஆனால் பங்க், கட்டில், ஃபெர்ரி எல்லாம் அப்படியேதான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தையது, 1996-இல் வந்த 'ஆர்மி டேஸ்'. அதில் கிருஷ்ணமூர்த்தி என்று நம் பையன் ஒருவனும் உண்டு. இரண்டிலுமே காட்டாதது காத்திருப்பு. பட்டாளத்தில் ஓடுவதை விடக் காத்திருப்பதுதான் அதிகம். லாரிக்காக, சாப்பாட்டுக்காக, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதற்காக. அதை எவன் படமெடுத்தாலும் ஓடாது.

என் காலத்தில் இரண்டரை ஆண்டு. இப்போது குறைத்துவிட்டார்களாமே? (தோ பாயோவிலிருந்து ஒரு தாத்தா)

ஆமாம் ஐயா, 2004-இல் இரண்டு ஆண்டாக்கினார்கள். 1967-இல் முதல் அணியில் 900 பேர்தான் சேர்ந்தார்கள் என்று படித்திருக்கிறேன். உங்கள் தலைமுறைக்கு முன்னால் நாங்கள் முறையிடவே கூடாது. ஆனாலும் முறையிடுவோம்.

முடித்த பிறகு நிம்மதிதானே? (ஜூரோங்)

எங்கே! 'ஓ.ஆர்.டி. லோ!' (முழுநேரச் சேவை முடிந்தது என்று அர்த்தம்) என்று கத்திக்கொண்டு வெளியே வருவோம், அப்புறம் ரிசர்விஸ்ட், அதாவது மறுபடி மறுபடி கூப்பிடும் பயிற்சி, ஆரம்பிக்கும். மொத்தம் 10 சுற்று வரை. எனக்கு ஏழு முடிந்திருக்கிறது. போன தடவை அலமாரியிலிருந்து பழைய பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். கேம்ப் வாசலில் பத்தடி நடந்ததும் இரண்டு அடிப்பாகமும் தனியாகக் கழன்று வந்தன. வைத்தே இருந்தால் அந்த ரப்பர் மட்கிவிடுமாம். நாலு பேர் அதே நிலையில் கறுப்பு டேப் சுற்றி நின்றோம். அடுத்த அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பீச் ரோடு போகணும்.