மாட்டோட டேக் நம்பரை ஹேஷ் பண்ணிட்டா போதுமா? டேட்டாவை ஏத்தறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கால்நடை மரபியல்ல பிஎச்டி பண்ற ஒரு மாணவி கேட்டிருக்காங்க. ஈரோடு பக்கம் 38 கிராமத்துல 1,200 கறவை மாட்டோட மூணு வருஷப் பால் பதிவு கையில இருக்காம். காதுல தொங்கற 12 இலக்க வில்லை (டேக்) நம்பர், மாட்டுக்காரர் பேர், மொபைல் நம்பர், வீட்டு ஜிபிஎஸ், இனம், கன்னு போட்ட தேதி, சினை ஊசிக் காளை நம்பர், கன்று வீச்சு நோய் டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் ஒரே எக்செல் ஃபைல். ஜர்னல்காரங்க டேட்டாவை பொதுவுல ஏத்தச் சொல்றாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கைடு "பேரை எடுத்துடு, டேக்கையும் மொபைலையும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் போட்டுடு, அதை யாராலயும் திருப்ப முடியாது"ங்கறார், வெட்னரி கைடு "மாட்டுக்கு என்னம்மா பிரைவசி"ங்கறார். ஏத்தலாமா வேணாமான்னு கேள்வி.

இப்படியே ஏத்தாதீங்க. ரெண்டு கைடும் அவங்கவங்க துறையில பெரியவங்க, ஆனா இந்த விஷயம் ரெண்டு துறைக்கும் நடுவுல விழுந்து யார் கண்ணுலயும் படாம போற விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஹேஷ்ங்கறது ஒரு நம்பரை உள்ள போட்டா புரியாத எழுத்துக் கோர்வையா மாத்தித் தர்ற கணக்கு, அதே நம்பருக்கு எப்பவும் அதே கோர்வை தான் வரும், எஸ்ஹெச்ஏ-256 அதுல ஒரு வகை. அதைத் திருப்ப முடியாதுங்கறது கணக்குப்படி உண்மை தான். எஸ்ஹெச்ஏ-256 குடுக்கற அந்த 64 எழுத்துல இருந்து பின்னாடி நடந்து போய் பழைய நம்பரைப் பிடிக்க இன்னைக்கு வழி கிடையாது. ஆனா யாரு பின்னாடி நடக்கப் போறா? முன்னாடியே நடந்து வருவாங்க. இந்தியாவுல மொபைல் நம்பர் 10 இலக்கம், 6, 7, 8, 9-ல தான் ஆரம்பிக்கும், அப்படின்னா மொத்தமே 400 கோடி நம்பர் தான். ஒவ்வொண்ணுக்கும் ஹேஷ் போட்டு உங்க ஃபைல்ல இருக்கறதோட ஒத்துப் பாத்தா முடிஞ்சது. சாதாரண லேப்டாப்புல பைத்தான்ல ஒரே கோர்ல நொடிக்கு சுமாரா 10 லட்சம் ஹேஷ் போகும்னு வைங்க, 400 கோடிக்கு 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வில்லை நம்பர் 12 இலக்கம், 1 லட்சம் கோடி வருது, லேப்டாப்புக்கு பத்து நாளுக்கு மேல ஆகும், ஆனா கேம் விளையாடற பசங்க வச்சிருக்கற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 1,000 கோடிக்கு மேல எஸ்ஹெச்ஏ-256 போடும், அதுக்கு இது ரெண்டு நிமிஷத்துக்குள்ள வேலை. ஹேஷோட பலம் உள்ள போற நம்பரை ஊகிக்கறது எவ்வளவு கஷ்டங்கறதுல தான் இருக்கு, வெளிய வர்ற எழுத்து எவ்வளவு நீளங்கறதுல இல்ல.

இது நடந்த கதை. நியூயார்க் டாக்ஸிகளோட 2013 வருஷப் பயணப் பதிவு, 17 கோடிக்கு மேல டிரிப், 2014-ல வெளிய வந்துச்சு. டாக்ஸி நம்பரையும் டிரைவர் லைசென்ஸ் நம்பரையும் எம்டி5-ங்கற இன்னொரு வகை ஹேஷ் போட்டு மறைச்சிருந்தாங்க. அந்த நம்பர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு, மொத்தமா எழுதிப் பாத்தாலும் 3 கோடிக்குள்ள தான் வரும், ஒரு இஞ்சினியர் உக்காந்து எல்லாத்துக்கும் ஹேஷ் போட்டு பட்டியலையே திறந்துட்டார். எம்டி5 பழசு அதனால தான் உடைஞ்சதுன்னு உங்க கைடு சொல்லலாம், அது காரணம் இல்ல, எஸ்ஹெச்ஏ-256 போட்டிருந்தாலும் அன்னைக்கே திறந்திருக்கும்.

மாட்டு விஷயத்துல இதைவிட எளிசான வழி ஒண்ணு இருக்கு, இதுக்கு கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம். வில்லை மாட்டுக் காதுல மஞ்சளா தொங்குது. கருங்கல்பாளையம் சந்தையில மாட்டைப் பிடிச்சுட்டு நிக்கறவர்கிட்ட விலை பேசற யாரும் அந்த நம்பரை படிச்சுக்கலாம், போட்டோ எடுத்துக்கலாம். அந்த ஒரே நம்பருக்கு ஒரே ஹேஷ் போட்டு உங்க ஃபைல்ல தேடினா அந்த மாட்டோட மூணு வருஷப் பாலும் நோய் டெஸ்டும் மொபைல்லயே வந்துடும். "மாட்டுக்கு என்ன பிரைவசி"ங்கறதுக்கு பதில் இங்க தான் இருக்கு. மாட்டுக்குப் பிரைவசி இல்ல, சரி, ஆனா அந்த நம்பர் மாட்டுக்காரரோட பேர்ல பதிவாயிருக்கு, இன்சூரன்ஸ் கிளைம் அந்த வில்லையை வச்சுத் தான் நடக்குது, கன்று வீச்சு நோய் பாசிட்டிவ்னு ஒரு வரி வெளிய போச்சுன்னா அந்த வீட்டு மாட்டை எவனும் வாங்க மாட்டான், பால் ஊத்தற இடத்துலயும் பேச்சு வரும்.

சரி, என்ன பண்றது. டேக் நம்பரை மாத்த ஹேஷே வேண்டாம். சம்பந்தமே இல்லாத ரேண்டம் அடையாளம் ஒண்ணு குடுங்க, எந்த டேக்குக்கு எந்த அடையாளம்ங்கற சாவி ஃபைலைத் தனியா, என்கிரிப்ட் பண்ணி, டேட்டா இருக்கற கம்ப்யூட்டர்ல இல்லாம வேற இடத்துல வைங்க. மாசாமாசம் புதுப் பதிவு வந்துட்டே இருக்கு, அதே மாட்டுக்கு அதே அடையாளம் தானா வரணும்னா ஹெச்மேக் போடலாம், அது ரகசியச் சாவி ஒண்ணைச் சேத்து போடற ஹேஷ், சாவி தெரியாதவனுக்கு நம்பர் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. ஆனா அந்தச் சாவியை புரோகிராம்லயே எழுதி, எல்லாரும் பாக்கற கிட்ஹப் தளத்துல ஏத்திட்டீங்கன்னா வெறும் ஹேஷ் போட்ட மாதிரி தான். மொபைல் நம்பர், பேர் ரெண்டுக்கும் எந்த வித்தையும் வேண்டாம், எக்செல்ல அந்தக் காலத்தையே (மேலிருந்து கீழ வர்ற கட்ட வரிசை, காலம்னு நான் சொல்றதெல்லாம் அது தான்) எடுத்துடுங்க, பால் கணக்குக்கு மொபைல் நம்பர் எதுக்கு.

ரேண்டம்னு சொல்லிட்டு பசங்க பண்ற தப்பு ஒண்ணு, மாடு 0001, 0002-ன்னு ஃபைல்ல இருக்கற வரிசையிலயே நம்பர் போட்டுடுவாங்க. நீங்க கிராமம் கிராமமா போய்த்தானே எடுத்தீங்க, அப்ப 1-ல இருந்து 30 வரைக்கும் முதல் கிராமம்னு வரிசையே சொல்லிக் குடுத்துடும். மொதல்ல வரிகளைக் குலுக்குங்க, அப்புறம் நம்பர் போடுங்க.

இன்னொண்ணு எக்செல்ல கண்ணெதிர்லயே நடக்கும், கவனிச்சிருப்பீங்க. 12 இலக்க நம்பரை சாதாரண செல்லுல போட்டா அது 3.40012இ+11 மாதிரி காட்டும். நம்பர் உள்ள பத்திரமா இருக்குன்னு நினைச்சு சிஎஸ்வியா சேவ் பண்ணினா கண்ணுக்குத் தெரியறது தான் சேவ் ஆகும், கடைசி ஆறு இலக்கம் போயே போச்சு. ஒரு ஃபைல்ல 200 மாடு திடீர்னு ஒரே மாடா மாறி, ஒரே நாள்ல பல தடவை கன்னு போட்டதா வந்ததை நானே உக்காந்து பிரிச்சிருக்கேன். ஃபைலைத் திறக்கறப்பவே அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னு சொல்லிடுங்க, நம்பருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்பேஸை வெட்டிடுங்க, ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் ஹெச்மேக்ல வேற மாடு ஆயிடும். ஹைட் பண்ணின ஷீட் ஏதாவது இருக்கான்னும் பாருங்க, "பேரை எடுத்துட்டேன்"னு ஒருத்தர் அனுப்பின ஃபைல்ல ரைட் கிளிக் பண்ணி அன்ஹைட் குடுத்தா மொத்த விவசாயிங்க பட்டியலும் அப்படியே உக்காந்திருந்துச்சு.

இவ்வளவும் பண்ணினா பாதி வேலை தான். மீதி காலங்கள் சேந்து ஆளைக் காட்டிக் குடுக்கும். 1990-கள்ல அமெரிக்காவுல லதான்யா ஸ்வீனி, அப்ப மாணவி, பேர் நீக்கி விட்டிருந்த ஆஸ்பத்திரி டேட்டாவுல மாசசூசெட்ஸ் கவர்னர் வில்லியம் வெல்டோட ரெக்கார்டைக் கண்டுபிடிச்சாங்க, 20 டாலருக்கு வாங்கின வோட்டர் லிஸ்ட்டோட பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணாங்கற மூணையும் ஒத்துப் பாத்து. பிற்பாடு 2002-ல கே-அனானிமிட்டின்னு எழுதினாங்க: வெளிய தெரியக்கூடிய காலங்களைச் சேத்துப் பாத்தா ஒவ்வொரு சேர்க்கையிலயும் குறைஞ்சது கே பேராவது இருக்கணும், கேங்கறது நாம வைக்கற எண்ணிக்கை, இங்க 5-ன்னு வைங்க. உங்க ஃபைல்ல கிராமம், இனம், எத்தனாவது ஈத்து, வீட்டுல எத்தனை மாடுங்கற நாலையும் சேத்து எண்ணிப் பாருங்க, 5-க்குக் கீழ வர்ற சேர்க்கை எத்தனைன்னு பாத்தா உங்களுக்கே பகீர்னு இருக்கும். கலப்பின ஜெர்சின்னா ஊருக்கு நூறு இருக்கும். பர்கூர் மாடு அந்தியூர் மலையில சகஜம், கீழ சமவெளிக் கிராமத்துல ஒரே ஒரு வீட்டுல தான் நிக்கும், அப்ப இனம்ங்கற காலமே அந்த வீட்டு விலாசம். இப்படிப்பட்ட இடத்துல கிராமத்தைத் தூக்கிட்டு ஒன்றியம்னு போடுங்க, அப்பவும் 5 வரலன்னா அந்த மாட்டுக்கு மட்டும் இனத்தை "நாட்டு இனம்"னு பொதுவாக்குங்க.

ஜிபிஎஸ்ஸை ரெண்டு தசம இடத்துக்குக் குறைச்சா போதும்னு சொல்வாங்க, அது சுமார் 1.1 கிலோமீட்டர் துல்லியம். நெருக்கமா வீடிருக்கற ஊருக்கு அது ஓரளவு சரி, கொங்குப் பக்கம் தோட்டத்துக்குள்ள தனித்தனியா வீடு, அந்த வட்டத்துக்குள்ள நாலு வீடு கூட இருக்காது. உங்களுக்கு ஜிபிஎஸ் எதுக்கு வேணும்? வெயிலும் ஈரப்பதமும் சேந்து மாட்டை எவ்வளவு வாட்டுதுங்கற வெப்ப ஈரப்பதக் குறியீடு கணக்கு பண்ணத்தானே. அதை நீங்களே கணக்குப் பண்ணி முழு எண்ணா மாத்தி அந்தக் காலத்தை மட்டும் குடுங்க, ஜிபிஎஸ்ஸை எடுத்துடுங்க.

தேதி தான் நுணுக்கமான இடம், இங்க கவனம் இல்லாம மறைச்சா உங்க ஆராய்ச்சியே செத்துடும். தேதியை அழிச்சா, கன்னு போட்டதுல இருந்து 305 நாள்ல எவ்வளவு பால்ங்கற கறவைக் கணக்கு கிடையாது, ஈத்து இடைவெளி கிடையாது. அதனால மாட்டுக்காரர் ஒவ்வொருத்தருக்கும் மைனஸ் 14-ல இருந்து பிளஸ் 14 வரைக்கும் ரேண்டமா ஒரு நாள் கணக்கு எடுத்து, அந்த வீட்டு மாடு எல்லாத்தோட எல்லாத் தேதியையும் அதே அளவுக்குத் தள்ளுங்க. இடைவெளி ஒண்ணும் மாறாது, ஒரு வீட்டு மாடுகளுக்குள்ள யார் முந்தி யார் பிந்திங்கறதும் மாறாது, சீசன் ஓரத்துல இருக்கற சில மாடு தான் தாண்டும், அதுக்கு உண்மையான சீசனைத் தனிக் காலமா முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியா ரேண்டம் போட்டீங்கன்னா ஈத்து இடைவெளியெல்லாம் தாறுமாறாயிடும், அதைப் பண்ணிடாதீங்க.

வம்சாவளி விஷயம். ஒரே பசு ஃபைல்ல "மாடு"ங்கற காலத்துலயும் இருப்பா, அவ கன்னோட வரியில "தாய்"ங்கற காலத்துலயும் இருப்பா, ரெண்டு இடத்துலயும் அதே புது அடையாளம் வரணும், இல்லன்னா எந்த மாடு எதுக்கு எவ்வளவு சொந்தம்ங்கற உறவு மேட்ரிக்ஸ் உடைஞ்சு, மாட்டோட மரபுத் தரத்தை மதிப்பிடற பிளப் மாடல் எல்லா மாட்டையும் அநாதைன்னு நினைச்சுக்கும். 1976-ல கால்நடை மரபியல் அறிஞர் ஹெண்டர்சன் குடுத்த வழியில அந்த மேட்ரிக்ஸோட இன்வர்ஸை நேரா எழுதறப்ப பெத்தவங்க பிள்ளைக்கு முன்னாடி வரிசையில வரணும், அந்த வரிசை நம்பரை ரன் பண்றப்ப மட்டும் போட்டுக்கோங்க, வெளிய போற ஃபைல்ல வேண்டாம். காளை நம்பர் உறைவிந்துக் குச்சியிலயே அச்சடிச்சிருக்கும், ரகசியமும் இல்ல, மத்தவங்க ஆராய்ச்சியோட இணைக்கறதுக்கும் அது வேணும், அதனால நிறைய வீட்டுக்குப் போன காளையோட நம்பரை அப்படியே விட்டுடலாம்ங்கறது என் கருத்து, ரெண்டு மூணு வீட்டுக்கு மட்டும் போன காளைன்னா மாத்திடுங்க. எஸ்என்பி, அதாவது டிஎன்ஏல மாட்டுக்கு மாடு மாறற ஒத்தை எழுத்து இடங்களோட டேட்டா இருந்தா மட்டும் பொதுவுல போடவே வேண்டாம், ஏன்னா ரெண்டு வகையும் சரிபாதியா இருக்கற, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத எஸ்என்பி 30 எடுத்தாலே, சொந்தமில்லாத ரெண்டு மாடு அத்தனையிலயும் ஒத்துப்போக சுமார் 6 லட்சம் கோடியில ஒரு வாய்ப்பு தான், அதுவே ஒரு வில்லை மாதிரி, கழட்டவும் முடியாது.

டிஃபரன்ஷியல் பிரைவசி, அதாவது வெளிய விடற கணக்குல தெரிஞ்சே கொஞ்சம் ரேண்டம் இரைச்சல் கலந்து ஆளை மறைக்கற முறை, போடலாமான்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. கிராமத்துச் சராசரிக்குப் போடாதீங்க. பாலை 0-ல இருந்து 25 லிட்டருக்குள்ள அடக்கி, கிராமத்துல 20 மாடுன்னு வச்சா ஒரு மாடு சராசரியை 25/20, அதாவது 1.25 லிட்டர் வரைக்கும் அசைக்கலாம், எப்சிலான் (எவ்வளவு விட்டுக் குடுக்கறோம்ங்கற அளவு, சின்னதா இருந்தா பாதுகாப்பு அதிகம்) 1-ன்னா சேக்க வேண்டிய லாப்லாஸ் இரைச்சலோட அளவும் 1.25 லிட்டர், நீங்க தேடற வித்தியாசமே அதைவிடச் சின்னது. மொத்தம் 1,200 மாட்டுக்கும் ஒரே சராசரின்னா அது 0.02 லிட்டர், தாராளமா போடலாம். அதுவும் நாம காப்பாத்தறது மாட்டை இல்ல, மாட்டுக்காரரை, அவர்கிட்ட மூணு மாடு இருந்தா இரைச்சலும் மூணு மடங்கு.

சட்டம்னு பாத்தா 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கு, ஆனா அந்தத் தரவை வச்சு குறிப்பிட்ட ஒரு ஆளைப் பத்தி முடிவெடுக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட. பொதுவுல ஏத்தின பிறகு எவன் என்ன முடிவெடுப்பான்னு நீங்க எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்? அதனால என் ஆலோசனை, சுத்தம் பண்ணின பால் பதிவையும் புரோகிராமையும் பொதுவுல ஏத்துங்க, நோய் ரிசல்ட் காலத்தை ஏத்தாதீங்க, கேட்டு வர்ற ஆராய்ச்சியாளருக்கு கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கற மாதிரி வைங்க, காரணத்தைத் தெளிவா எழுதிக் குடுத்து எடிட்டர்கிட்ட பேசுங்க.

ஏத்தறதுக்கு முந்தின நாள் ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு மாட்டுக்காரரை மனசுல வச்சுக்கோங்க, அவரோட பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு என்னென்ன தெரியும், எத்தனை மாடு, எப்ப கன்னு போட்டது, என்ன இனம், அதை மட்டும் வச்சு ஃபைல்ல அவரைத் தேடுங்க. கிடைச்சுட்டார்னா திரும்ப உக்காருங்க.

அப்புறம் அந்த நோய் காலம். பாசிட்டிவ் வந்த வீடுகளுக்கு ரிசல்ட்டைச் சொல்லியாச்சான்னு நீங்க எழுதலை. கன்று வீச்சு நோய் மனுஷனுக்கும் வரும், நஞ்சுக்கொடியை வெறும் கையில எடுக்கறவங்களுக்கும் காய்ச்சாத பால் குடிக்கறவங்களுக்கும். சாவி ஃபைல் இப்ப உங்ககிட்ட இருக்கு, அதைப் பூட்டி வைக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க, அந்தந்த ஊர் கால்நடை டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, ஃபைல் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.